அளந்து பார்க்காத கை

நெய்வேலி
27.1.2025, திங்கள்

அன்புள்ள அம்சவல்லி அக்காவுக்கு,

நெய்வேலியிலிருந்து சிங்காரவேலு எழுதுவது. பொங்கலுக்கு முன்பிருந்து உங்கள் போனுக்கு அழைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் மணி அடித்தது. பிறகு அடிக்கவில்லை. உங்கள் மகள் அன்புக்கரசியின் திருப்பூர் முகவரியை உங்கள் ஊர் வடக்குத்தில் டீக்கடை வைத்திருக்கும் மருதமுத்து அண்ணன்தான் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் நான் யார், எதற்குக் கேட்கிறேன் என்று இரண்டு முறை விசாரித்தார். இரண்டு முறையும் சொன்னேன்.

முதலில், நீங்கள் பார்த்துக்கொண்ட எங்கள் பையனைப் பற்றி. அருள்மொழி நன்றாக இருக்கிறான். கன்னத்தில் இருந்தது, காதில் இருந்தது, காலில் இருந்தது எல்லாம் போய்விட்டது. தழும்பு ஒன்றுகூட இல்லை. மேல் வரிசையில் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிடியை விட்டால் பொத்தென்று உட்கார்ந்து, யார் பார்த்தார்கள் என்று சுற்றிப் பார்க்கிறான்.

அக்கா, அவன் உடம்பில் வந்தது அடியால் வந்ததல்ல. யாருடைய கையும் அதற்குக் காரணமல்ல. அது ஒரு நோய். கைக்குழந்தைகளுக்கு அபூர்வமாக வருவது, வந்தது போலத் தானாகவே போய்விடுவது. இதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எப்படித் தெரிந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த பகுதியும் அதில் வரும். எனக்குச் சாதகமில்லாததை விட்டுவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

புத்தாண்டு முடிந்ததிலிருந்து அவனுக்குச் சளியும் இருமலும் இருந்தது நினைவிருக்கும். ஆவி பிடிக்க வைக்கலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். சின்னக் குழந்தை, வேண்டாம் என்றாள் தமயந்தி. ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை, எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். மாலை நாலரைக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்த தமயந்தி, அவன் இடது கன்னத்தில் சிவப்பாக ஒரு தடம் இருப்பதைப் பார்த்தாள். மதியம் சின்னதாக இருந்தது, கொசுக்கடி என்று நினைத்தேன் என்றீர்கள். நீங்கள் வேறு ஏதோ சொல்ல வந்ததாகவும், பையன் அழுததால் தான் காதில் வாங்கவில்லை என்றும் தமயந்தி இப்போது சொல்கிறாள்.

மறுநாள் காலையில் இரண்டு கன்னமும் ஊதா நிறத்தில் இருந்தன. வலது காது மடல் வீங்கியிருந்தது. நீங்கள் எட்டு மணிக்கு வந்தீர்கள். நாங்கள் அவனை ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் பார்த்துவிட்டு, கீழே விழுந்தானா, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இரண்டே கேள்வி கேட்டார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. மீதியை நானே சொல்லிக்கொண்டேன்.

என் வேலை என்ன என்று உங்களுக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறேன். மைன்ஸில் மண்ணையும் நிலக்கரியையும் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டைச் சோதிப்பது. பெல்ட்டில் ஒரு கிழிசல் இருந்தால், கல் விழுந்து கிழிந்ததா, ரோலர் உரசிக் கிழிந்ததா என்று அதன் விளிம்பைப் பார்த்தே சொல்வேன். பதினோரு வருடத்தில் பெரும்பாலும் தப்பியதில்லை. அந்தத் தைரியத்தில் என் மகனுடைய கன்னத்தையும் படித்தேன். நாலு விரல் என்று படித்தேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது நீங்கள் பின்பக்கக் குழாயடியில் அவன் துணியை அலசிக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னதை இங்கே மறுபடி எழுதுகிறேன். "இது கைத்தடம். நாலு விரலும் தெரியுது. இந்த வீட்ல பகல்ல இருக்கிறது உங்க கை ஒண்ணுதான்."

நீங்கள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தீர்கள். தமயந்தி இடுப்பில் இருந்த அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுவந்து, "வச்சுப் பாருங்க சாரு. என் கை இதுதான்" என்றீர்கள்.

நான் பார்க்கவில்லை. நாள் முழுக்க டேப் வைத்து அளக்கிறவன் நான். நீங்களே கையை நீட்டியும் அளந்து பார்க்கவில்லை. போங்கள் என்று சொன்னேன். உங்கள் டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் போனீர்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் தெருவில் உள்ள பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் அவன் கன்னத்தின் படத்தைப் போட்டு, இன்னார் வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் கவனமாக இருக்கவும் என்று உங்கள் பெயரோடு எழுதினேன். அப்போது மணி பகல் பன்னிரண்டு இருபது. மாலைக்குள் மாடி வீட்டு சரிதாவும் இன்னும் இரண்டு வீட்டாரும் உங்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் அது வடக்குத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வியாழக்கிழமை லீவு போட்டு வீட்டில் இருந்தேன். கெண்டைக்காலில் இரண்டு தடம் தெரிந்தது, பாதம் வீங்கியிருந்தது. முன்பே பட்ட அடி இப்போது கன்றி வெளியே வருகிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். பெல்ட்டில் சேதம் கண்டால் அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, தேதியும் ஷிஃப்டும் எழுதிவிட்டு வருவோம். அடுத்த ஷிஃப்ட்காரர், கிழிசல் கோட்டைத் தாண்டியதா என்று பார்ப்பார். அதே பழக்கத்தில், பால்பாயின்ட் பேனாவால் அவன் தடங்களைச் சுற்றி வட்டம் போட்டேன். மொத்தம் ஏழு. போலீசுக்குப் போக வேண்டி வந்தால் ஆதாரமாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஏழு வட்டமும் அப்படியே இருந்தன. எதுவும் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் வட்டம் இல்லாத இடங்களில் மூன்று புதிய தடங்கள் இருந்தன. இடது முழங்கை, வலது முட்டிக்குக் கீழே, பாதத்தின் மேல். நீங்கள் போய் நாற்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த நேரம் முழுவதும் அவனைத் தொட்டது நானும் தமயந்தியும் மட்டும்.

தமயந்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் முன்பு அதை நாங்கள் உங்கள் மேல் வைத்தோம்.

அதன் பிறகுதான் உண்மையான பயம் வந்தது. ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து அன்றே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். அங்கே தோல் பிரிவில் ஒரு டாக்டரம்மா. ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. அவன் பாட்டுக்கு அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இப்படித் தடம் பயங்கரமாகவும் பிள்ளை உற்சாகமாகவும் இருப்பதே இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று என்றார். சளி, இருமல் வந்துபோன பிறகு சில குழந்தைகளுக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தி தடம் மாறி, தோலில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களை வீங்கச் செய்துவிடுமாம். ரத்தம் கசிந்து ஊதா வட்டங்களாகத் தெரியுமாம். கன்னம், காது, கை, காலில்தான் அதிகம் வரும். இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போய்விடும், மருந்து தேவையில்லை, திரும்ப வருவதும் அரிது என்றார். வட்டம் போட்டது யார் என்று கேட்டார். நான் என்றேன். பழையது வளரவில்லை, புதியது தனியாக வந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரிகிறது, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார்.

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதைப் பார்த்துட்டு அடிச்சதா நினைக்கிறவங்க உண்டு. நீங்க யார் மேலயாவது சந்தேகப்பட்டீங்களா?" என்று கேட்டார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமயந்திதான், வேலைக்கு வந்த அக்காவை நிறுத்திவிட்டோம் என்று சொன்னாள். டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. நோயின் பெயரை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே தமிழில், இது அடியால் வருவதல்ல என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, "இது உங்களுக்கில்ல, அவங்களுக்கு" என்று கொடுத்தார். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அசல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வடக்குத்துக்கு வந்தேன். உங்கள் வீடு பூட்டியிருந்தது.

குழுவில் போட்ட படத்தை நீக்கினேன். நான் செய்தது தவறு, அம்சவல்லி அக்கா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதினேன். படத்துக்கு அன்று முப்பத்தொரு பதில் வந்திருந்தது. இதற்கு மூன்று பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். அதனால் டாக்டரம்மாவின் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டு ஜெயராமன் சார், "விடுப்பா, புள்ள நல்லாயிட்டான்ல. அதையே ஏன் கிண்டிக்கிட்டு இருக்க" என்றார். சரிதா தாளை இரண்டு முறை படித்தாள். நீ கன்னத்தைக் காட்டினாய், நான் நம்பினேன், இப்போது தாளைக் காட்டுகிறாய், இதையும் நம்புகிறேன், அந்த அக்காவிடம் மட்டும் நாம் யாருமே கேட்கவில்லையே என்றாள்.

மன்னிக்கச் சொல்லி எழுத எனக்குத் துணிவு இல்லை. அந்தப் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். வட்டமாகத்தான் இருக்கிறது. விரல் எங்கேயும் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதைச் செய்வேன்.

இப்படிக்கு,
சிங்காரவேலு

—

திருப்பூர்
6.2.2025

சாருக்கு வணக்கம்.

நான் அம்சவல்லியின் மகள் அன்புக்கரசி. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை அம்மா தானே படித்தார். படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் என்னிடம் கொடுத்து, படித்துப் பார் என்றார்.

அம்மா முதலில் கேட்கச் சொன்னது, பையனின் கால் வீக்கம் வடிந்ததா என்று. செவ்வாய்க்கிழமை மதியமே வலது பாதம் வீங்கியிருந்ததாம். கால் காப்பு இறுக்கிப் பிடித்ததால் சோப்பு போட்டுக் கழற்றி, சமையலறையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாராம். அதை டீச்சரிடம் சொல்ல வாய் எடுத்தபோதுதான் பையன் அழுதானாம். மறுநாள் சொல்ல நீங்கள் விடவில்லை. வெள்ளிச் சாமான், பத்திரமாக எடுத்து வையுங்கள் என்கிறார்.

இனி அம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"சாரு, நீங்க பன்னண்டு வூட்டுக்கும் போய் சொன்னீங்க, சரிங்க. நான் பன்னண்டு வூட்லயா பொழைக்கிறேன்? வடக்குத்துல பொழைக்கிறேன். எதிர்ல வர்ற பொம்பளைங்க கைப்புள்ளய இந்த இடுப்புலேர்ந்து அந்த இடுப்புக்கு மாத்திக்கினு போனாளுங்க. அதான் கெளம்பி வந்துட்டேன். காயிதத்துல எழுதினது எனக்குத் தெரியும். அவங்களுக்கு யாரு சொல்றது?"

இது அம்மா சொன்னது. அடுத்தது நானே எழுதுவது. நானும் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில்தான் இருக்கிறேன், சார். துணியில் கறை இருந்தால், மெஷின் எண்ணெயா, நூலிலேயே இருந்ததா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஸ்டிக்கர் ஒட்டுவோம். துணிக்கே அப்படி.

அம்மா இதை எழுத வேண்டாம் என்றார். நான் எழுதிவிட்டேன். பையனுக்குச் சுத்திப் போடச் சொல்கிறார்.

அன்புக்கரசி

—

நெய்வேலி
17.2.2025, திங்கள்

அன்புள்ள அம்சவல்லி அக்காவுக்கு,

அன்புக்கரசி எழுதிய கடிதம் பத்தாம் தேதி வந்தது. அவர் எழுதியதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை என்று சொல்லுங்கள். பாத வீக்கம் அப்போதே வடிந்துவிட்டது.

கால் காப்பு நீங்கள் சொன்ன இடத்தில், சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன். அது காணவில்லை என்று தமயந்தி ஜனவரி பத்தாம் தேதியே கவனித்திருந்தாள். நான் கட்டிலுக்குக் கீழே தேடினேன். உங்களிடம் கேட்கவில்லையே தவிர, நினைக்காமல் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு எடுத்துப் பார்த்தபோது தமயந்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் சமையலறையிலேயே நின்றாள். நோய் தொடங்கியதை முதலில் கண்டது நீங்கள். அதற்குச் செய்ய வேண்டியதையும் செய்திருக்கிறீர்கள்.

பதிமூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஐந்து மணிக்கு மருதமுத்து அண்ணன் கடைக்குப் போனேன். முதல் ஷிஃப்ட்டுக்குப் போகும் கான்ட்ராக்ட் ஆட்கள் வேனுக்கு நிற்கும் நேரம் அதுதான் என்று தெரியும். எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு பேர். ஒன்பது பேர் பெண்கள். மைன்ஸில் பார்த்த முகங்கள் சில இருந்தன. இந்த நேரத்தில் நான் ஏன் இங்கே என்று அவர்களுக்குப் புரியவில்லை.

என் பெயர், வேலை, எந்த வீடு என்று சொன்னேன். அம்சவல்லி அக்கா என் குழந்தையை அடிக்கவில்லை, அவனுக்கு வந்தது நோய், அதைப் படிக்கத் தெரியாமல் நான்தான் பழி போட்டேன் என்றேன். டாக்டரம்மாவின் தாளை மருதமுத்து அண்ணன் எல்லோருக்கும் உரக்கப் படித்தார்.

 பிறகு பச்சைச் சால்வை போர்த்தியிருந்த ஒரு அம்மா, பெயர் கேட்க எனக்கு வாய் வரவில்லை, முன்னால் வந்து கேட்டார். "கைய வச்சுப் பாருன்னு சொன்னாளாமே. நீ ஏன் சாரு பாக்கல?"

 பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய் வரிசையில் நின்றார். வேன் வந்தது. ஏறும்போது ஒருவர், பர்மனென்ட் ஆளு அஞ்சு மணிக்கு எழுந்து வந்து தப்புன்னு சொல்லியிருக்காருய்யா, இன்னிக்கு மைன்ஸ்ல மழைதான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது பரவாயில்லை என்று தோன்றியது. மருதமுத்து அண்ணன் டீக்குக் காசு வாங்கவில்லை. அடுத்த முறை அம்சவல்லியையும் கூட்டிக்கொண்டு வந்து குடியுங்கள் என்றார்.

சரிதா உங்கள் எண்ணைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. நீங்கள் சொன்னால் கொடுக்கிறேன். இந்தக் கடிதம் உங்களை வேலைக்கு அழைப்பதற்கல்ல. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமயந்தி சம்பளமில்லா லீவில் இருக்கிறாள். நான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன். எப்படியோ ஓடுகிறது.

இன்னொரு விஷயம். மார்ச் 5 அன்று அருள்மொழிக்கு ஒரு வயது. 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காது குத்து. எங்கள் குலதெய்வம் தூத்துக்குடிப் பக்கம். வழக்கமாக அங்கேதான் செய்வோம். இந்த முறை திருவதிகைக் கோயிலில் வைத்துக்கொள்கிறோம். ஊரில் அப்பாவுக்கு வருத்தம்தான். வடக்குத்திலிருந்து பண்ருட்டி பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம் என்பதற்காகத்தான் இந்த இடம். பாண்டிச்சேரி டாக்டரம்மாவிடம் காதைக் காட்டிக் கேட்டுவிட்டோம். தோல் முழுக்கச் சரியாகிவிட்டது, தாராளமாகக் குத்தலாம் என்றார். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டையும் அழைத்திருக்கிறோம். மருதமுத்து அண்ணனுக்கும் சொல்லியாயிற்று. பச்சைச் சால்வை அம்மாவுக்கும் அவர் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தமயந்தியின் தம்பி பிரவீன்குமார் வருகிறான். ஆனால் அவனுக்கு இருபத்திரண்டு வயது, ஊசியைப் பார்த்தால் இவனை விட அவன்தான் பயப்படுவான். காது குத்தும் பத்தர் ஊசியை எடுக்கும்போது பையன் தலையைத் திருப்பாமல், கன்னத்தோடு சேர்த்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முந்தாநாள் நானும் தமயந்தியும் பிடித்துப் பார்த்தோம். உதறிவிட்டான். அவன் அடங்குவது ஒரு கைக்குத்தான். அது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

உங்கள் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருக்கிறோம். பத்து நாளாக அது தரையில்தான் கிடக்கிறது. அதன் மூடியைத் திறந்து மூடுவதுதான் அவனுக்கு இப்போது முழுநேர வேலை. திரும்பக் கொடுத்தால் அழுவான். நீங்கள் வந்து வாங்கினால் ஒருவேளை கொடுப்பான்.

அன்புக்கரசியையும் அழைத்து வாருங்கள். நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்குக் கோயில் வாசலில் பையனோடு நிற்பேன். நீங்கள் வந்த பிறகுதான் பத்தரிடம் ஊசியை எடுக்கச் சொல்வேன்.

தங்கள் தம்பி,
சிங்காரவேலு